நாட்பட்ட நோயோடு பெருந்தொற்றுக் காலம்: மனதைக் கவனிக்க எங்கிருந்து தொடங்குவது?

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்று என்று அறிவிக்கப்பட்டபோது எனக்கு முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நாட்பட்ட நோய்) வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், வலி கூடினால் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை. அந்த நாட்களில் இறப்புச் செய்தி ஒவ்வொன்றின் கடைசியிலும் “அவருக்கு ஏற்கெனவே வேறு நோய்கள் இருந்தன” என்று ஒரு வரி வரும். மற்றவர்களுக்கு அது ஆறுதல். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வரிதான் செய்தியே.

அடுத்த சில மாதங்களில் மருந்துக்கும் மனநல உதவிக்கும் நான் அலைந்த அலைச்சலில் பாதி தேவையில்லாதது. எதை முதலில் செய்ய வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாததால் வந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு, புற்றுநோய் என்று எந்த நோயோடு இருந்தாலும், மறுபடி ஒரு அலையோ வேறொரு தொற்றோ வந்தால் நீங்கள் அப்படி அலைய வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வரிசை முக்கியம்.

1. முதலில் மருந்து இருப்பைச் சரிசெய்யுங்கள்

மனதைப் பற்றிப் பேச வந்துவிட்டு மருந்தில் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டாம். கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நல்லது என்று பேச்சு கிளம்பியதும் பல நாடுகளில் அந்த மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தது. கொரோனாவுக்கு அதனால் பலன் இல்லை என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்தது பிறகுதான். அதற்குள், அந்த மாத்திரையை வழக்கமாக எடுக்கும் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) உள்ளவர்களும் முடக்குவாதம் உள்ளவர்களும் கடை கடையாக அலைந்து முடித்திருந்தோம். என் டப்பாவில் ஒன்பது மாத்திரை மிச்சம். திறந்து எண்ணுவேன், மூடுவேன், ஒரு மணி நேரத்தில் மறுபடி எண்ணுவேன். அந்த நிலையில் கைபேசியில் தியானம் சொல்லித்தரும் செயலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தால் என்ன வரும்? ஒன்பது என்ற எண்தான் வந்தது. மாத்திரை கிடைத்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதனால் இதைச் செய்யுங்கள். மருந்துச் சீட்டை 90 நாளுக்கு எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 15 நாளுக்கான மருந்து மீதமிருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். ஒரே கடையை நம்பாமல் இரண்டு கடைகளில் உங்கள் மருந்து வருமா என்று கேட்டு வையுங்கள். பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் தெரிந்துகொண்டால், ஒரு கம்பெனி மாத்திரை இல்லாதபோது வேறொன்றை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். இன்சுலின் போடுபவர்கள் திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறையவிடக் கூடாது. திறந்த பிறகு பெரும்பாலான வகைகள் 28 நாள் அளவுக்குத்தான் தாங்கும், ஆகவே இன்சுலினை எவ்வளவு வாங்கி வைப்பது என்பதைக் குளிர்பதனப் பெட்டியையும் தேதியையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. இருப்பு குறையும்போது நாமாகவே டோஸைக் குறைத்து நாளைக் கடத்தத் தோன்றும். நானும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். அந்த மருந்து வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் என்பதால் உடனே ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து விரல் கணுக்கள் வீங்கி, காலையில் தண்ணீர்க் குழாயைக்கூடத் திருக முடியாமல் நின்றேன். வலி, தூக்கமின்மை, அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது அப்போதுதான். ஒரு போன் செய்து டாக்டரிடம் கேட்டிருந்தால் வேறு வழி சொல்லியிருப்பார். ஸ்டீராய்டு, ரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைக் குறைத்துக்கொண்டிருக்கும், சட்டென்று நிறுத்தினால் அது ஈடுகொடுக்காது.

இந்தத் தட்டுப்பாடு உங்களுக்கு மட்டும் வருவதாக நினைத்துக் கூனிக் குறுகவும் வேண்டாம். 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்ட நாடுகளில் ரத்த அழுத்த சிகிச்சை ஓரளவாவது தடைப்பட்டிருந்தது.

2. ஒரு பக்கத் தாள் ஒன்று தயார் செய்யுங்கள்

ஒரே ஒரு பக்கம் போதும். நோயின் பெயர், எந்த வருடத்திலிருந்து, இப்போது எடுக்கும் மருந்துகள் டோஸோடும் நேரத்தோடும், ஒவ்வாமை, கடைசி ரத்தப் பரிசோதனைத் தேதி, பார்க்கும் டாக்டர்கள், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். இதற்கு முன் மனச்சோர்வோ பதற்றமோ வந்து சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். காகிதத்தில் ஒரு பிரதி, கைபேசியில் ஒரு படம், வீட்டில் ஒருவரிடம் ஒரு பிரதி.

இதன் அருமை வீடியோ காலில்தான் தெரியும். டாக்டர் பத்து நிமிடம் தருகிறார் என்றால் அதில் ஏழு நிமிடம் “அந்த மாத்திரை பேரு… வெள்ளையா, வட்டமா இருக்கும்” என்பதிலேயே போய்விடும். தாளை முந்தின நாளே அனுப்பிவிட்டால் அந்த ஏழு நிமிடம் உங்களுக்கு.

3. நோயா, மருந்தா, மனமா என்று பிரித்துப் பாருங்கள்

நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு இதுதான் மிகவும் குழப்பமான இடம். களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் கவனம் நிற்காதது என்று மனச்சோர்வுக்குச் சொல்லும் அறிகுறிகளில் பாதி நம் நோய்க்கும் உரியவை. அதனால் இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். எல்லாம் நோயின் வேலைதான் என்று மனச்சோர்வைக் கவனிக்காமல் விடுவது ஒன்று. எல்லாம் டென்ஷன்தான் என்று உடம்பைக் கவனிக்காமல் விடுவது இன்னொன்று.

முதலில் உடம்புப் பக்கம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை மனச்சோர்வு போலவே தோன்றலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலை ஏற்றும், சிலருக்கு மனநிலையையே புரட்டிப்போடும். அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்குக் காலையில் மாற்றித் தந்ததுமே இரவுகள் கொஞ்சம் சரியாயின. ரத்தப் பரிசோதனைக்குப் போக முடியாத காலமாக இருந்தால், வீட்டுக்கு வந்து எடுப்பவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 மூன்றுக்கும் ஒரே தடவையில் ரத்தம் எடுத்துவிட்டால் செலவும் அலைச்சலும் குறையும்.

அடுத்து மனம். மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. இலவசமாகவே கிடைக்கும், பல மொழிகளில் இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் பேச வேண்டும். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்குக் களைப்பு, தூக்கம், பசி பற்றிய கேள்விகளிலேயே மதிப்பெண் ஏறிவிடும். ஆகவே மொத்தத்தைப் பார்த்து மிரளாமல் முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகப் பாருங்கள்: எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லையா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்திருக்கிறதா. வலி இருந்தும் ஒரு குழந்தையின் சிரிப்பைப் பார்த்தால் முகம் மலர்கிறதென்றால் அது ஒரு நிலை. வலி இல்லாத நாளிலும் எதுவுமே தொடவில்லை என்றால் அது வேறு. ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், நேராகக் கீழே 8ஆவது படிக்குப் போங்கள்.

இதைத் தினமும் போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தேதியோடு ஒரு நோட்டில். அதே பக்கத்தில் சர்க்கரை அளவோ ரத்த அழுத்தமோ வலி அளவோ நீங்கள் வழக்கமாகக் குறிப்பதையும் எழுதுங்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால், சாப்பாடு மாறாமலே சர்க்கரை ஏன் ஏறியது என்பது உங்களுக்கும் டாக்டருக்கும் புரியும்.

4. நோய்க்குப் பார்க்கும் டாக்டரிடமே முதலில் சொல்லுங்கள்

நான் செய்த தவறு, மூட்டு டாக்டரிடம் மூட்டைப் பற்றி மட்டும் பேசியது. அவர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “பரவாயில்லை டாக்டர், வீக்கம்தான் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினேன். நான்காவது முறை என் அக்கா பின்னாலிருந்து, “டாக்டர், ராத்திரி தூங்கறதே இல்லை, அழுதுகிட்டே இருக்கு” என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டே நாளில் பரிந்துரைக் கடிதம் கையில் இருந்தது.

சொல்ல வெட்கமாக இருந்தால் மூன்று வரி எழுதி வைத்துப் படித்துவிடுங்கள். எத்தனை நாளாக, தூக்கம் எத்தனை மணி நேரம், அன்றாட வேலையில் எது நின்றுபோயிருக்கிறது. “மனசு சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் “தைரியமாக இருங்கள்” என்ற பதிலோடு முடிந்துவிடும். “இரண்டு வாரமாகக் குளிக்கவே மனசு வரவில்லை, இரண்டு முறை மருந்து போட மறந்துவிட்டேன்” என்று சொன்னால் யாரும் அப்படி முடிக்க மாட்டார்கள்.

பரிந்துரைக் கடிதம் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சில காப்பீடுகள் அது இல்லாமல் பணம் தராது.

5. ஆலோசகரைத் தேடும்போது கேட்க வேண்டியவை

உளவியல் ஆலோசகர் பேச்சு வழியாக உதவுவார். மனநல மருத்துவர் மாத்திரையும் எழுதலாம். நோய்க்கு நிறைய மருந்து எடுப்பவர்கள், மாத்திரை தேவைப்படும் என்று தோன்றினால் நேராக மனநல மருத்துவரிடமே போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

காத்திருக்க நேரிடும் என்பதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். தேவை கூடும் நேரத்திலேயே சேவை சுருங்கும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் எடுத்த கணக்கில் 93 சதவீத நாடுகளில் மனநல சேவைகளில் ஏதாவது ஒன்று தடைப்பட்டிருந்தது. ஆகவே ஒரே இடத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் இரண்டு மூன்று இடங்களில் பதிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் யாராவது வராவிட்டால் அழைக்கச் சொல்லுங்கள்.

செலவு விஷயத்தில், போன் எடுப்பவரிடமே கேட்டுவிடுங்கள்: முதல் அமர்வுக்குத் தனிக் கட்டணமா? ஓர் அமர்வு எத்தனை நிமிடம்? கட்டணச் சலுகை உண்டா? அரசு மருத்துவமனைகளிலும் பயிற்சி தரும் கல்வி நிறுவனங்களிலும் இலவசமாகவோ குறைந்த செலவிலோ கிடைக்கலாம். முன்பணமாக இருபது அமர்வுக்குக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். ஆறு முதல் எட்டு அமர்வு முடிந்ததும் பலன் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்து, அப்புறம் தொடரலாம். காப்பீட்டில் மனநலச் சிகிச்சைக்கு இடமுண்டா, வீடியோ வழி ஆலோசனையை ஏற்பார்களா, ரசீதில் ஆலோசகரின் பதிவு எண் வேண்டுமா என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். எனக்கு முதல் நான்கு ரசீதுகளுக்குப் பணம் வரவில்லை. காரணம் அந்த ஒரு எண்.

இன்னொரு கேள்வியை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ரத்து செய்வதற்கான விதி என்ன? நமக்கு எந்த நாள் உடம்பு படுத்தும் என்று முன்கூட்டியே தெரியாது. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுக் கட்டணம் என்பார்கள். “எனக்கு நாட்பட்ட நோய் இருக்கிறது, உட்கார முடியாத நாளில் கேமரா இல்லாமல் படுத்தபடி போனில் பேசலாமா?” என்று முதலிலேயே கேளுங்கள். என் ஆலோசகர் சரி என்றார். என் நல்ல அமர்வுகளில் பாதி அப்படிப் படுத்தபடி பேசியவைதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்து நேரம் கேளுங்கள். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு வந்து மனம்விட்டுப் பேசத் தெம்பு இருக்காது.

6. மாத்திரை எழுதித் தந்தால்

ஒரு பக்கத் தாளைக் காட்டாமல் மாத்திரை வாங்காதீர்கள். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரும் சில மாத்திரைகள், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்தோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டும். வலிக்கு டிராமடால் எடுப்பவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டைத் தானாக வாங்கிப் போடுபவர்கள் உண்டு. அது பல மருந்துகளின் அளவை உடம்பில் குறைத்துவிடும். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் அதில் ஒன்று, மாற்றிய உறுப்பே பாதிக்கப்படலாம்.

பக்கவிளைவு முதல் வாரமே வரும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கூடவும் ஆகலாம். பத்தாம் நாள் “ஒன்றும் ஆகவில்லை” என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாக.

ஊரடங்கில் கிழமை மறந்துபோகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை மட்டும் எடுக்க வேண்டிய மருந்து, தவறிக் கூடுதலாக எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்த ஒரு வாரத்தில் இரண்டாவது முறை கையில் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு டப்பா மேல் கிழமையை எழுதி, போட்டதும் நாள்காட்டியில் வட்டம் போடுகிறேன். அக்கா தினமும் போனில் கேட்கிறாள், “வட்டம் போட்டாச்சா?”

7. வீடு, வேலை, செய்தி

வீட்டில் உள்ளவர்களிடம் பயத்தைப் பற்றிப் பேசுவதைவிட ஏற்பாட்டைப் பற்றிப் பேசுவது எளிது. வெளியே போய் வந்தால் என்ன செய்வது, யாருக்காவது காய்ச்சல் வந்தால் யார் எந்த அறையில், நான் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் யார் கூட வருவது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதினோம். தினமும் நடந்த சண்டை பாதியாகக் குறைந்தது.

வேலையிடத்தில் வீட்டிலிருந்து வேலை கேட்டால் டாக்டர் கடிதம் கேட்பார்கள். நோயின் பெயரை விரிவாக எழுதத் தேவையில்லை. “தொற்று ஏற்பட்டால் கூடுதல் ஆபத்து உள்ளவர், இன்ன தேதி வரை வீட்டிலிருந்து பணி செய்யப் பரிந்துரைக்கிறேன்” என்பது பெரும்பாலும் போதும். கடைசித் தேதி போட்டு வாங்குங்கள். அது முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே புதுப்பிக்கக் கேளுங்கள்.

செய்தி, நாளுக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை, குறித்த நேரத்தில். உலக சுகாதார நிறுவனமும் 2020இல் இதையேதான் சொன்னது. படுக்கப்போகும் முன் வேண்டாம். கவலைக்கென்று மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, அந்த நேரத்தில் எல்லாக் கவலையையும் எழுதிவிடுவது என் ஆலோசகர் சொன்ன வழி. இரவு கவலை வந்தால் “நாளை மாலை” என்று சொல்லித் தள்ளிவைக்க முதல் வாரம் முடியவில்லை, மூன்றாவது வாரம் முடிந்தது.

8. காத்திருக்கவே கூடாத நேரங்கள்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பது, பேச்சு குழறுவது. இவற்றைப் பதற்றம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 2020இல் பல நாடுகளில் மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. தொற்றுக்குப் பயந்து வீட்டிலேயே பலர் தாமதித்ததை மருத்துவர்கள் ஒரு காரணமாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்துவிட்டுப் பதற்றம்தான் என்று திரும்பி வந்தால் நல்லதுதான். ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) வைத்திருந்தால் விரலில் நகப்பூச்சு இல்லாமல், கை சூடாக இருக்கும்போது பாருங்கள். கருத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் உடம்பை நம்புங்கள்.

உயிரை விடத் தோன்றினால், அது ஒரு கணம் வந்து போன எண்ணமாக இருந்தாலும், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை இப்போதே, நன்றாக இருக்கும்போதே, கைபேசியில் சேமித்து வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடத் தெம்பு இருக்காது. எண்ணம் அழுத்தினால் தனியாக இருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், யாரையாவது கூட அழையுங்கள். மேலே 90 நாள் மருந்து வாங்கி வைக்கச் சொன்னேன் அல்லவா, இந்த நிலையில் அது பொருந்தாது. மொத்த மருந்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, ஒரு வாரத்துக்கானதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் ஒன்றரை மாதம் அப்படித்தான் இருந்தேன். ஞாயிறுதோறும் அக்கா ஏழு நாளுக்கான மாத்திரையை எண்ணித் தருவாள்.

9. மறுபடி வெளியே போகத் தொடங்கும்போது

கட்டுப்பாடு தளர்ந்ததும் மற்றவர்கள் வெளியே ஓடுவார்கள், உங்களுக்குக் கதவைத் திறக்கவே கை வராது. எனக்கு ஐந்து மாதம் அப்படி இருந்தது. முதல் பயணமாக மருத்துவமனையை வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் வாசல் வரை, இரண்டு நாள் கழித்துத் தெருமுனை வரை, பிறகு கூட்டமில்லாத நேரத்தில் ஒரு கடை. ஆலோசகரோடு சேர்ந்தே இந்தப் பட்டியலைப் போடலாம்.

மருத்துவமனைக்குப் போகும் முதல் நாளில் தள்ளிப்போன பரிசோதனைகளைப் பட்டியலாகக் கொண்டு போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண், பாதம், சிறுநீரகம். என்னைப் போல ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுப்பவர்களுக்கு விழித்திரை. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் நேரம் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்காதீர்கள். நான் கண் பரிசோதனைக்கு மட்டும் போனேன். காலையில் முதல் நேரம் கேட்டிருந்தேன், காத்திருக்கும் அறையில் என்னையும் சேர்த்து மூன்று பேர். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன், கண்ணில் மருந்து விட்டிருந்ததால் திரையில் அவள் பெயரைப் படிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.